படம் சுமந்த ஆவணங்களும் வளைகுடா வாழ்வும்

ஷார்ஜாவின் ரோலாப் பகுதிச் சந்துகளில், தேநீர்க் கடைக்கும் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கும் இடையே, இரண்டு கணினியும் ஒரு ஸ்கேனரும் நாலு நாற்காலியுமாக நடக்கும் டைப்பிங் சென்டர்களை அறியாத வளைகுடாத் தமிழர் இருக்க மாட்டார். மாலை ஏழு மணிக்குமேல், வேலைத்தலத்துச் சீருடையைக்கூட மாற்றாமல், பாஸ்போர்ட்டையும் விவாகப் பதிவுச் சான்றிதழையும் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு அங்கே வந்து நிற்கிறவர், குடும்பத்தை அழைத்துக்கொள்வதற்கான விசா விண்ணப்பத்தின் கடைசிப் படியை எட்டிவிட்ட நிம்மதியில் இருக்கும்போது, திரையைப் பார்த்தபடியே தட்டச்சுக்காரர் சொல்லும் ஒரு வாக்கியம் அவரை மறுபடியும் முதல் படிக்கே இறக்கிவிடுகிறது: "அண்ணே, ஃபைல் சைஸ் ஜாஸ்தியா இருக்கு, சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது, கம்மி பண்ணி அனுப்புங்க." எதைக் கம்மி பண்ணுவது, எப்படிப் பண்ணுவது, பண்ணினால் எது போய்விடும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த அவசரத்தில் பதில் சொல்வார் இல்லை. இருபது வருஷ காலம் ஐக்கிய அரபு அமீரகக் கட்டுமான நிறுவனங்களில் டாக்குமெண்ட் கண்ட்ரோலராக உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில் இக்கேள்விகளோடு நெடுநாள் புழங்கியிருக்கிறேன். அவற்றைச் சற்று விஸ்தாரமாகவே ஆராய விரும்புகிறேன்.

படம் உள்ள ஓர் ஆவணத்தின் அளவைக் குறைப்பதென்றால், அதில் இருப்பவற்றுள் ஏதோ ஒன்றை விட்டுவிடுவது என்றே பொருள். எதை விடலாம், எதை விடலாகாது என்னும் அந்தத் தீர்ப்பை ஆவணத்துக்கு உரியவர் தம் கண்ணால் பார்த்து முதலிலேயே செய்கிறாரா, அல்லது கடைசி நிமிஷத்தில் எங்கோ இருக்கும் ஒரு யந்திரம் அவருக்காகச் செய்துவிடுகிறதா என்பதில்தான் இவ்விஷயத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

வளைகுடாவுக்கும் நம் ஊர்களுக்கும் இடையே காகிதமும் படமும் போய்வந்த சரித்திரம் நீண்டது. விமானத் தபாலை நம்பியிருந்த நாட்களில், குழந்தையின் புகைப்படத்தைக் கடிதத்தோடு வைத்து அனுப்பியவர்கள், தபால் கட்டணம் கூடிவிடக் கூடாதென்று மெல்லிய தாளில் நெருக்கி எழுதினார்கள். எடை அப்போது கிராமில் இருந்தது. அதன்பின் வந்த பேக்ஸ் யந்திரம், கம்பெனிகளில் இருந்த நம்மவர்களுக்குத் தெரியாமலே, சுருக்கக் கலையின் முதல் பாடத்தைக் கற்பித்தது. 1980ல் வகுக்கப்பட்ட மூன்றாம் பிரிவு பேக்ஸ் முறையில், ஒரு பக்கத்தின் ஒவ்வொரு வரியும் 'இத்தனை புள்ளி வெள்ளை, இத்தனை புள்ளி கறுப்பு' என்ற நீளக் கணக்காக மாற்றப்பட்டு, அடிக்கடி வரும் நீளங்களுக்குச் சிறிய குறியும் அபூர்வமாக வருவனவற்றுக்குப் பெரிய குறியும் இட்டு அனுப்பப்பட்டது. 1952ல் டேவிட் ஹஃப்மன் கண்ட குறியீட்டு முறையின் ஒரு வடிவமே அது. எழுத்து மட்டும் உள்ள கடிதம் இதனால் ஒரு நிமிஷத்துக்குள் கடல் கடந்து போய்விடும். ஆனால் பாஸ்போர்ட்டின் முகப் பக்கத்தை அனுப்பினால், புகைப்படம் இருந்த இடத்தில் மை கொட்டியது போன்ற ஒரு கறுப்புத் திட்டுத்தான் மறுமுனையில் போய்ச் சேரும். எழுத்துக்கு ஏற்ற முறை முகத்துக்கு ஏற்காது, முகத்துக்கு ஏற்றது எழுத்துக்கு ஏற்காது என்ற அந்த முரண், நாற்பது வருஷங்களுக்குப் பின்னும் தீரவில்லை.

2001 அக்டோபரில் துபாய் தன் மின்னாளுகைத் தளத்தைத் திறந்தது. 2018ல் காகிதமில்லா அரசாங்கம் என்ற திட்டத்தை வகுத்துக்கொண்டு, 2021 டிசம்பர் 12ஆம் தேதி, 45 அரசுத் துறைகளும் காகிதத்தை அறவே விட்டுவிட்டன என்றும், உலகில் இதைச் சாதித்த முதல் அரசாங்கம் தன்னதே என்றும் அறிவித்தது. 33 கோடியே 60 லட்சம் தாளும், 130 கோடி திர்ஹமும், 1 கோடியே 40 லட்சம் மனித மணி நேரமும் மிச்சமாயின என்பது அன்று வெளியான கணக்கு. சவூதியில் அப்ஷர், கத்தாரில் மெட்ராஷ், குவைத்தில் 2021ல் வந்த சஹல், ஓமானில் சனத் மையங்கள் என்று ஒவ்வொரு நாடும் அதே திசையில் நடந்திருக்கிறது. ஒரு கையொப்பத்துக்காக அரைநாள் லீவு போட்டு வெயிலில் பஸ் பிடித்துப் போன காலத்தை அனுபவித்தவன் எவனும் இம்மாற்றத்தை வாழ்த்தாமல் இருக்க முடியாது. நான் மனமார வாழ்த்துகிறேன். ஆயினும், அலுவலகங்களில் ஒழிந்த காகிதம் விண்ணப்பதாரரின் கையில் ஒழியவில்லை. ஊராட்சி அலுவலகம் கொடுத்த பிறப்புச் சான்றிதழ், கல்லூரி கொடுத்த பட்டம், ஜமாத்திலோ கோயிலிலோ நடந்த விவாகத்துக்குச் சார்பதிவாளர் இட்ட முத்திரை எல்லாம் இன்னும் தாளில்தான் இருக்கின்றன. அத்தாளைப் படமாக்கி, அப்படத்தைக் குறிப்பிட்ட பருமனுக்குள் அடக்கும் வேலை, முன்பு குமாஸ்தா செய்துவந்தது, இப்போது சலாலாவில் வெல்டராகவும் ஜுபைலில் பைப் பிட்டராகவும் இருப்பவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

வரம்புகளோ இடத்துக்கு இடம் வேறு. இந்தியாவுக்கு மின்விசா கேட்கும் இலங்கைத் தமிழர் ஒருவர், தம் முகப்படத்தை 10 கிலோபைட்டுக்கு மேலும் 1 மெகாபைட்டுக்குள்ளும், பாஸ்போர்ட் பக்கத்தை 10 முதல் 300 கிலோபைட்டுக்குள் ஒரு பிடிஎஃப் ஆகவும் ஏற்ற வேண்டும். மஸ்கட்டில் இருந்துகொண்டே தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறவரிடம் தேர்வாணையம் கேட்டுவந்தது 20 முதல் 50 கிலோபைட் புகைப்படமும், 10 முதல் 20 கிலோபைட் கையொப்பமும். 2021ல் குவைத்திலும் துபாயிலும் நீட் தேர்வு மையங்கள் வந்தபிறகு, பிள்ளைகளின் விரல் ரேகைப் படத்தைக் கிலோபைட்டுக்குள் அடக்கும் கவலை இங்குள்ள தாய்தந்தையருக்கும் வந்து சேர்ந்தது. மின்னஞ்சலின் வரம்பிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு: ஜிமெயில் 25 மெகாபைட்டை அனுமதிக்கிறது என்றாலும், இணைப்பு ஒவ்வொன்றும் வழியில் மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்தாக மாற்றி எழுதப்படுவதால், உண்மையில் ஏறத்தாழ 18 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு அதில் போகாது. 20 மெகாபைட் கோப்பு ஏன் திரும்பிவந்தது என்று அலுவலகங்களில் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டதை அநேக முறை கேட்டிருக்கிறேன்.

இனி, புகைப்படத்துக்கு இத்தனை பருமன் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்கலாம். இப்போதைய கைப்பேசி ஒன்று சாதாரணமாக எடுக்கும் படம், குறுக்கே 4032, நெடுக்கே 3024 புள்ளிகள், ஆக 1 கோடியே 22 லட்சம் புள்ளிகளைக் கொண்டது. சிவப்பு, பச்சை, நீலம் என்று புள்ளிக்கு மூன்று பைட்டாக 3 கோடியே 66 லட்சம் பைட். இதை உள்ளபடியே சேமித்தால் நூறு படத்துக்கு மூன்றரை ஜிகாபைட்டுக்கு மேல் வேண்டியிருக்கும். நடைமுறையில் ஒரு படம் மூன்று நான்கு மெகாபைட்டில் நின்றுவிடுகிறதென்றால், அதற்குக் காரணம் ஜேபெக் முறை. அந்த முறையின் அஸ்திவாரத்தில் இருப்பது நம் பக்கத்து மனிதர்களின் புத்தி.

பெங்களூரில் 1940ல் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில், கொசைன் அலைகளைக் கொண்டு படத்தைச் சுருக்கும் யோசனையொன்றை ஆராய்வதற்குப் பணம் வேண்டுமென்று 1972ல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். யோசனை மிக எளிதாக இருக்கிறது என்பது அது நிராகரிக்கப்பட்டதற்கு ஒரு காரணம் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர் அதை விட்டுவிடவில்லை. தம் மாணவர் நடராஜனையும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952ல் பொறியியல் பட்டம் பெற்று டெக்சாஸில் பேராசிரியராக இருந்த நண்பர் கே. ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு வேலையை முடித்தார். மூவர் பெயரிலும் கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. 1986ல் கூடிய நிபுணர் குழு, இக்கணிதத்தையே நடுவில் வைத்து ஜேபெக் என்ற பொது முறையை உருவாக்கி 1992ல் வெளியிட்டது. இன்று உலகில் எடுக்கப்படும் புகைப்படங்களில் பெரும்பகுதி, எளிது என்று தள்ளப்பட்ட அந்தக் கணக்கைக் கடந்துதான் நம் கண்ணுக்கு வருகிறது. நம் பள்ளிப் புத்தகங்கள்கூட இம்மூவர் பெயரைச் சொல்லாமலிருப்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

ஜேபெக் முறையின் தத்துவம் இதுதான். மனிதனின் கண் வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வை நுட்பமாக உணரும். நிறத்தின் ஏற்றத்தாழ்வை அவ்வளவு நுட்பமாக உணராது. ஆகவே முதலில் வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்து, நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒரு கணக்காக வைத்துக்கொண்டால், அதிலேயே பாதிப் பருமன் குறைந்துபோகும். பிறகு படத்தை எட்டுக்கு எட்டு, அதாவது 64 புள்ளி கொண்ட சிறு கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் 'சராசரி வெளிச்சம் இவ்வளவு, மெதுவாக மாறும் அலை இவ்வளவு, வேகமாக மாறும் அலை இவ்வளவு' என்று 64 எண்களாக எழுதுகிறார்கள். வானம், கன்னம், சுவர் போன்ற மிருதுவான பரப்புகளில் வேகமான அலைகளுக்குரிய எண்கள் மிகச் சிறியவை. அவற்றைப் பூஜ்யமாக்கிவிட்டாலும் கண் கண்டுபிடிக்காது. எவ்வளவு தாராளமாகப் பூஜ்யமாக்குவது என்பதைத் தீர்மானிப்பதே மென்பொருள்களில் 'தரம்' என்ற பெயரில் நாம் நகர்த்தும் அந்த அளவுகோல். நிறத்தைக் குறைத்ததை விட்டால், நஷ்டம் நிகழ்வது இந்த ஒரு படியில்தான். நிகழ்ந்தபின் மீட்க வழியில்லை. சுருக்கிய படத்தைத் திறந்து, திருத்தி, மறுபடி சுருக்கிச் சேமிப்பவர், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு நஷ்டத்தை அதன்மேல் ஏற்றுகிறார்.

முகத்துக்கும் மலைக்கும் அற்புதமாகப் பொருந்தும் இந்த யுக்தி, எழுத்திடம் வந்தவுடன் தடுமாறுகிறது. வெள்ளைத் தாளில் கறுப்பு மை திடீரென்று தொடங்கித் திடீரென்று முடிகிறது. எழுத்தின் விளிம்பு முழுவதுமே வேகமான அலைகளால் ஆனது. அவற்றைப் பூஜ்யமாக்கினால், எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தது போன்ற ஒரு சாம்பல் கலங்கல் தோன்றும். வளைகுடா ஆவணங்களில் இது சாதாரண அழகுக் குறை என்று தள்ளிவிடக் கூடியதல்ல. அரபு எழுத்தில் பா, தா, ஸா ஆகிய மூன்றுக்கும் உடல் ஒன்று. கீழே ஒரு புள்ளி இட்டால் பா, மேலே இரண்டு இட்டால் தா, மூன்று இட்டால் ஸா. நம் மொழியில் புள்ளி ஒன்று போனால் மெய் உயிர்மெய்யாவது போலவே, அங்கே புள்ளி ஒன்று மங்கினால் மனிதனின் பெயர் வேறாகிறது. பாஸ்போர்ட்டின் அடியில் யந்திரம் படிப்பதற்கென்று அச்சிட்டிருக்கும் இரண்டு வரிகளும் இவ்விதமே; வரிக்கு 44 எழுத்தாக அமைந்த அவற்றில், பாஸ்போர்ட் எண்ணுக்கும் பிறந்த தேதிக்கும் பக்கத்தில் சரிபார்க்கும் இலக்கம் ஒன்று உண்டு. சுருக்கத்தில் ஓர் இலக்கம் சிதைந்தால் கணக்கு ஒத்துவராது, பக்கம் படிக்கப்படாது. விண்ணப்பதாரருக்கோ 'ஆவணம் தெளிவாக இல்லை' என்ற ஒரு வரியே திரும்பி வரும்.

மனிதர் செய்யவேண்டிய தீர்ப்பை யந்திரத்திடம் விட்டால் எதுவரை போகும் என்பதற்கு 2013ல் ஜெர்மனியில் வெளிப்பட்ட ஒரு சம்பவம் என்றும் நினைவில் வைக்கத்தக்கது. டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞரிடம், ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் யந்திரமொன்றில் ஸ்கேன் செய்யப்பட்ட கட்டட வரைபடம் வந்தது. மூலத்தில் 21.11 சதுர மீட்டர் என்று எழுதியிருந்த அறை, ஸ்கேன் பிரதியில் 14.13 சதுர மீட்டராகி நின்றது. எழுத்தில் மங்கலும் இல்லை, கலங்கலும் இல்லை, இலக்கம் மட்டும் வேறு. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, ஒன்றுபோல் தோன்றும் வடிவங்களை ஒருமுறை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே திரும்பப் பதிக்கும் ஜேபிக் என்ற முறையின் இரண்டாம் வடிவம் அந்த யந்திரத்தில் இருந்தது. சிறிய எழுத்தில் 6ம் 8ம் அதற்கு ஒன்றுபோலத் தோன்றின. நிறுவனம் அதே ஆண்டு திருத்தம் வெளியிட்டது. கட்டுமானத் துறையில் இருந்த எனக்கு அச்செய்தி வயிற்றைக் கலக்கியது. மங்கிய ஆவணம் 'நான் மங்கியிருக்கிறேன்' என்றாவது சொல்லிக்கொள்ளும். தெளிவான எழுத்தில் பொய்யான எண்ணைக் காட்டும் ஆவணத்தை எவரும் சந்தேகத்தோடு அணுகுவதில்லை.

பருமன் ஏறும் இடம் எதுவென்று நேரில் பார்க்க, தொழிலாளர் தங்கும் முகாம் அறை ஒன்றுக்குள் போகவேண்டும். முஹைஸ்னாவிலோ முஸஃபாவிலோ, ஆறு பேர் எட்டு பேர் இருக்கும் அறையில், மேசை கிடையாது. இரட்டை அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில், பெரிய பெரிய ரோஜாப் பூப்போட்ட கம்பளிமேல் சான்றிதழை விரித்து, கூரையிலுள்ள ஒற்றைக் குழல் விளக்கின் வெளிச்சத்தில், தம் தலையின் நிழலே தாளில் விழ, நண்பர் ஒருவர் படமெடுக்கிறார். அந்தப் படத்தின் மூன்று மெகாபைட்டில் சான்றிதழுக்குரியது சிறிதளவே. கம்பளியின் பஞ்சிழைகள் ஒவ்வொன்றும் வேகமான அலைகள். ஜேபெக் முறை அவற்றை விசுவாசமாக எழுதிவைக்கிறது. குறைந்த வெளிச்சத்தில் கைப்பேசியின் கண் தடுமாறி உண்டாக்கும் மணல்போன்ற புள்ளிக்கூட்டமும் அப்படியே. அதில் ஒழுங்கு எதுவும் இல்லாததால் எந்தச் சுருக்க முறைக்கும் அது பிடிகொடுக்காது. இப்படத்தை இருநூறு கிலோபைட்டுக்குள் அடக்கு என்று மென்பொருளிடம் சொன்னால், அது ரோஜாவையும் சர்டிபிகேட்டையும் சமமாகப் பாவித்து இரண்டையுமே சிதைத்துவிடும்.

அதே தாளைப் பகலில் ஜன்னலோரம் கொண்டுபோய், ஒரே நிறமுள்ள தரையில் வைத்து, நேர் மேலிருந்து எடுத்து, நாலு ஓரமும் தாளோடு வெட்டிவிட்டால், தரத்தில் கைவைக்காமலே பருமன் வெகுவாக இறங்கும். பிறகு புள்ளிகளின் எண்ணிக்கையைப் பார்க்கவேண்டும். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளியாகப் பிடித்தால் 87 லட்சம் புள்ளி. 200 ஆனால் 39 லட்சம். 150 ஆனால் 22 லட்சம். சாதாரண அச்செழுத்துக்கு 150 போதும், சிறிய எழுத்தும் முத்திரையும் உள்ள பக்கத்துக்கு 200 வேண்டும் என்பது என் அனுபவம். என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கிரமம் எப்போதும் ஒன்றே: முதலில் வெளிச்சம், அடுத்து ஓரம் வெட்டுதல், அதற்கடுத்துப் புள்ளி எண்ணிக்கை, தரத்தின் அளவுகோலைத் தொடுவது கடைசியில். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அலுவலகத்தில் பிரச்சினை வேறு ரூபம் எடுக்கும். வளைகுடாவின் கட்டுமானத் தொழில் புகைப்படத்தால் நடப்பது; கம்பி கட்டியதற்குப் படம், கான்கிரீட் போடுமுன் படம், போட்டபின் படம், விரிசலுக்குப் படம், விரிசலை அடைத்ததற்குப் படம். மாதாந்திர முன்னேற்ற அறிக்கையில் நூறு இருநூறு படங்கள் சர்வ சாதாரணம். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஆலோசகருக்கு அன்று மாலைக்குள் போயாக வேண்டிய வேர்ட் அறிக்கை ஒன்று 400 மெகாபைட்டைத் தாண்டி, மின்னஞ்சலும் ஏற்காமல், திட்டத் தளமும் ஏற்காமல், கடைசியில் தகட்டில் எழுதிக் காரில் கொடுத்தனுப்பும்படி ஆயிற்று; கெடு தவறி, கடிதமும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். மறுநாள் அக்கோப்பை நான் பிரித்துப் பார்த்தேன். டாக்எக்ஸ் என்று முடியும் வேர்ட் கோப்பு, 2007 முதல், உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. பெயரின் முடிவை மாற்றித் திறந்தால் உள்ளே மீடியா என்ற அறையில் எல்லாப் படங்களும் வரிசையாகக் கிடக்கும். தாளில் எட்டு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருங்கி நின்ற படம், அங்கே 4032 புள்ளி அகலத்தோடு முழுசாக இருந்தது. மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்குவது பார்வையைத்தான் சிறிதாக்குகிறது. ஓரத்தை வெட்டுவதும் திரை போட்டு மறைப்பதே. எட்டு சென்டிமீட்டருக்கு, அங்குலத்துக்கு 220 புள்ளி என்று வைத்தாலும், 693 புள்ளி அகலம் போதும். இருந்ததில் முப்பத்துநான்கில் ஒரு பங்கு. வேர்டிலேயே 'படங்களைச் சுருக்கு' என்ற கட்டளை உண்டு. வெட்டிய பகுதிகளை நிஜமாகவே நீக்கி, 220, 150, 96 என்று நாம் கேட்கும் புள்ளிக்கு எல்லாப் படத்தையும் ஒரே தடவையில் இறக்கிவிடும். அதைச் செய்தவுடன் 400 மெகாபைட் அறிக்கை 20க்குக் கீழே வந்தது. முந்தின நாள் இரவு பதினொரு மணிவரை மூன்று பேர் விழித்திருந்தது இந்த ஒரு கட்டளை தெரியாததால்.

ஒட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். திரையிலிருந்து நகலெடுத்து ஒட்டிய புகைப்படம் பல சமயங்களில் பிஎன்ஜி வடிவில் உட்கார்ந்துவிடும். 1996ல் வந்த அவ்வடிவம் எதையும் இழக்காமல் சேமிப்பது, ஆகையால் வரைபடத்துக்கும் திரைக்காட்சிக்கும் உத்தமமானது, புகைப்படத்துக்குப் பாரமானது. ஜேபெக் படங்களை ஜிப்பில் கட்டினால் குறையும் என்று நினைப்பதும் வீண். ஏற்கெனவே பிழிந்த கரும்பில் சாறு வராது.

பிடிஎஃப் வடிவம் 1993ல் அடோபி நிறுவனத்திலிருந்து வந்து, 2008ல் சர்வதேசத் தர அமைப்பின் பொதுச் சொத்தாயிற்று. அதைக் குறைக்கும் சாதனங்கள் அநேகம் இருந்தாலும், அவை முக்கியமாகச் செய்வது ஒன்றே: உள்ளிருக்கும் படங்களின் புள்ளியைக் குறைத்து மறுபடி சுருக்குவது. இலவசமாகக் கிடைக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட், திரைக்கு 72, வாசிப்புக்கு 150, அச்சுக்கு 300 என்று படிகளை வைத்திருக்கிறது. திரைக்குரிய படியை நம்பிப் பாஸ்போர்ட்டைக் குறைத்தவர்கள் அடி வரிகளை இழந்தார்கள். நடுப் படியே நம் காரியங்களுக்கு ஏற்றது. எழுத்தைக் கறுப்பு வெள்ளையாக ஓர் அடுக்கிலும் படத்தையும் முத்திரையையும் வண்ணமாக மற்றோர் அடுக்கிலும் பிரித்துச் சுருக்கும் கலப்பு முறையும் உண்டு. பேக்ஸ் காலத்து முரணுக்குக் கிடைத்த சிறந்த பரிகாரம் அதுவே. நல்ல ஸ்கேனர் மென்பொருள்களில் இருந்தும், சாமானியர் கைக்கு அது இன்னும் தாராளமாக வந்துசேரவில்லை. ஐபோனில் 2017 முதல் வந்த ஹெய்க் வடிவம் ஏறக்குறைய பாதிப் பருமனில் படத்தைக் கொடுத்தாலும், அரசாங்கத் தளங்கள் பல அதைத் தெரிந்துகொள்வதில்லை. அனுப்புமுன் ஜேபெக் ஆக்கிக்கொள்வது உத்தமம்.

இதுவரை சொன்னவை எல்லாம் கருவியைப் பற்றியவை. இனிச் சொல்லப்போவதே எனக்கு மிகுந்த கவலை தருவது. 'குறைத்துக் கொண்டுவா' என்று சொல்லப்பட்டவர், கைப்பேசியில் தேடி, முதலில் வரும் ஏதோ ஓர் இலவசத் தளத்தில் தம் பாஸ்போர்ட்டையும், இக்காமா என்னும் குடியிருப்பு அனுமதியையும், மனைவியின் முகப்படத்தையும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் ஏற்றுகிறார். ஒரு நிமிஷத்தில் சிறிய கோப்பு கைக்கு வருகிறது. பெரிய கோப்பு யார் கணினியில், எந்த நாட்டில், எத்தனை நாள் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புக்கென்று 2021ஆம் ஆண்டின் 45ஆம் எண் சட்டம் இருக்கிறது. கத்தாரில் 2016லும், பஹ்ரைனில் 2018லும், சவூதியில் 2021லும், ஓமானில் 2022லும் இத்தகைய சட்டங்கள் பிறந்தன. அவை நல்ல சட்டங்களே. ஆனால் தாமாகவே ஒருவர் கடல்கடந்த அந்நியத் தளத்துக்குக் கொடுத்துவிட்ட பிரதியைத் தேடிப்பிடித்துத் தருவது எந்தச் சட்டத்துக்கும் எளிதல்ல. நம்மவர் அறைகளில் மிகப் பிரபலமாயிருந்த கேம்ஸ்கேனர் செயலியின் ஆண்ட்ராய்ட் வடிவத்துக்குள் தீங்கான நிரல் புகுந்திருந்ததை 2019ல் காஸ்பர்ஸ்கை நிறுவனத்தார் கண்டறிந்தார்கள். 2020 ஜூனில் இந்தியா தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. கைப்பேசிக்குள்ளேயே இருக்கும் ஸ்கேன் வசதியும், கணினிக்குள்ளேயே இயங்கும் மென்பொருளும் இக்காரியத்துக்குப் போதுமானவை. ஆவணம் வீட்டை விட்டு வெளியே போகவேண்டிய அவசியமே இல்லை. டைப்பிங் சென்டர் மேசையில், முந்தினவருடைய பாஸ்போர்ட் படங்கள் அழிக்கப்படாமல் வரிசையாகத் தெரியும் திரையைப் பார்த்தவர்கள் அதை ஒரு வார்த்தை சொல்லி அழிக்கச் செய்வது, தமக்கு மட்டுமின்றிப் பிறருக்கும் செய்யும் உபகாரம்.

வாட்ஸ்அப் பற்றியும் சொல்லவேண்டும். ஊரிலிருந்து தம்பி சான்றிதழைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். அது வழியிலேயே புள்ளியைக் குறைத்துத் தரத்தையும் குறைத்துவிடுகிறது. வந்த படத்தை இங்கே ஒருவர் பிடிஎஃப் ஆக்கி, டைப்பிங் சென்டரில் மற்றொருவர் மறுபடி சுருக்கி ஏற்றும்போது, ஒரே தாளுக்கு மூன்று தீர்ப்பு நிகழ்ந்துவிடுகிறது; மூன்றும் தாளைப் பார்க்காமல் சொன்னவை. அதே படத்தை 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் ஒரு பைட்டும் குறையாமல் வரும்.

குறைக்கவே கூடாத இடங்களும் உண்டு. சென்னையில் 1994ல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 2005ல் இலங்கைத் தமிழர்கள் நிறுவிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் போன்றவை பழைய அச்சையும் கையெழுத்தையும் காப்பாற்றும் வேலையில் ஈடுபட்டிருப்பவை. இத்தகைய சுவடிக் காப்பு வேலையில் உலகெங்கும் ஒப்புக்கொண்ட முறை, எதையும் இழக்காத மூலப் பிரதியொன்றைத் தனியே வைத்து, வாசகருக்குச் சுருக்கிய பிரதியைத் தருவது. தனி மனிதரின் சான்றிதழ்களுக்கும் அதுவே முறை. பெரிய பிரதி ஒன்று எங்காவது பத்திரமாக இருக்குமானால், சிறிய பிரதியை எத்தனை தளத்துக்கு எத்தனை விதமாக வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

சென்ற வருஷம் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் நாகர்கோவில் பெண் ஒருத்தி, நர்ஸ் உரிமத்துக்காகப் பட்டச் சான்றிதழை ஏற்ற முடியாமல் தவித்தாள். முதல் பக்கம் ஏற்கப்பட்டு, பின்பக்கம் இரண்டு தடவை திருப்பப்பட்டிருந்தது. பின்பக்கத்தில்தான் விஷயமே இருந்தது: மாநில அரசின் முத்திரை, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ஒட்டுத்தாள், அமீரகத் தூதரகத்தின் ஒட்டுத்தாள், இங்குள்ள வெளியுறவு அமைச்சகத்தின் அத்தாட்சி என்று ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி நின்றன, அவற்றுக்கு நடுவே மையில்லாமல் காகிதத்தையே புடைக்கச் செய்து பதித்த வட்ட முத்திரை ஒன்று. அவள் செயலி, தாளை 'சுத்தம்' செய்கிறேன் என்று எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கி, நீல மையை வெளுக்கச் செய்து, புடைப்பு முத்திரையை அறவே துடைத்துவிட்டிருந்தது. "கண்ணுக்கு நல்லா பளிச்சுன்னுதானே இருக்கு மாமா?" என்று கேட்டாள். மேசை விளக்கைத் தாளின் இடப்பக்கம் தாழ்த்தி, வெளிச்சம் குறுக்காக விழும்படி வைத்தேன்; புடைப்பின் ஓரங்களில் மெல்லிய நிழல் விழுந்து, வட்டத்தின் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. வண்ணத்திலேயே, அங்குலத்துக்கு 200 புள்ளியில், ஓரம் வெட்டி எடுத்தோம். இரண்டு பக்கமும் சேர்த்து 640 கிலோபைட், வரம்பு ஒரு மெகாபைட். சுருக்காத பிரதியை டாக்குமெண்ட் வழியில் ஊரிலிருக்கும் அப்பாவுக்கு அனுப்பிவிட்டு, சின்னதை அவளே ஏற்றினாள்.